அறுபத்திரண்டாவது வரி

தோர்னியோ ஆற்றின் பனி எந்த நாளில் உடையும் என்று
எங்கள் ஊரில் பந்தயம்.
சீட்டு இரண்டு யூரோ.
பேரேடு என் கையில்.

கரையிலிருந்து நாற்பது எட்டில்
பனிமேல் ஓர் இரும்பு முக்காலி.
அதில் கட்டிய கயிறு
சவுனாக் குடிசைச் சுவரின் கடிகாரத்தில் போய் முடியும்.
பனி நகர்ந்தால் கயிறு இழுபடும், முள் நிற்கும்.
நின்ற தேதி யாருடையதோ பணம் அவருடையது.

ஏப்ரல் ஒன்று முதல் மே முப்பத்தொன்று வரை
அறுபத்தொரு வரிகள்.
ஒன்று வந்தால் இன்னொன்று வராது,
ஏதோ ஒன்று வந்தே தீரும்.
கூறுவெளி என்பது இவ்வளவுதானே என்று
பத்தொன்பது வருடம் முன்பே
அடியில் கோடு போட்டு முடித்துவிட்டேன்.

பெட்ரோல் நிலையத்துச் சைமி ஒப்பவில்லை.
ஒவ்லு நகரத்துக் காப்பீட்டு அலுவலகத்தில்
முப்பது வருடம் சாவுகளை எண்ணியவள்.
"தைஸ்தோ, நீ எழுதி வைத்திருப்பது நாட்களை.
அந்த வெளியில் இருப்பவை நாட்களே அல்ல.
முழு முழு வசந்தங்கள்."

கல்லாவில் சில்லறை எண்ணியபடியே சொன்னாள்:
"ஒரு புள்ளி என்றால் அதற்குள் எல்லாம் உண்டு.
வடக்கு மேட்டில் எத்தனை அடி பனி,
பாலத்தில் பழுதாகி நின்ற லாரி,
உன் நாயின் இருமல்,
நான் உனக்குத் தரவேண்டிய இருபது சென்ட்.
தேதி அந்தப் புள்ளியின் பெயரில்லை;
அதைப் பார்த்து நீ வாசித்துச் சொல்கிற ஓர் எண்.
ஏப்ரல் இருபத்தொன்பதில் உடைகிற வசந்தங்கள்
எண்ணி மாளாது.
அதில் சிலவற்றில் பில்க்கு பிழைத்திருக்கிறது."

பில்க்கு என் நாய்.
மார்ச்சில் போய்விட்டது.

எனக்குச் சுருக்கென்றது.
"எழுதவே முடியாத பட்டியல் என்ன பட்டியல்?
அதை வைத்து யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பாய்?
என் அறுபத்தொன்றையும் கூட்டினால் ஒன்று வருகிறது.
உன் வசந்தங்களில் ஒன்றைத் தராசில் வைத்தால்
பூஜ்யம் என்பாய்."

"பூஜ்யம்தான்.
ஆனாலும் அப்படி ஒன்றுக்குள் நின்றுகொண்டுதான்
இந்தக் காப்பியைக் குடிக்கிறாய்."

அந்த வருடம் பனி உடையவில்லை.

வழக்கமாக நள்ளிரவில் பீரங்கிபோல் ஒரு சத்தம் வரும்,
பாளத்தின்மேல் பாளம் ஏறி
கரையோர மரங்களைச் சீவிக்கொண்டு போகும்.
எதுவும் இல்லை.
இருந்த இடத்திலேயே பனி சாம்பல் பூத்து,
சல்லடையாகி,
தண்ணீருக்குள் தண்ணீராகப் போயிற்று.
முக்காலி நேரே இறங்கி மணலில் உட்கார்ந்தது.
கயிறு தொய்ந்தது.
கடிகாரம் ஓடியது. மே முழுக்க ஓடியது.
சால்மன் படகுகள் இறங்கிய பிறகும்
டக் டக்கென்று ஓடிக்கொண்டேயிருந்தது.

இருநூற்றுப் பதினான்கு சீட்டுகள்,
நானூற்று இருபத்தெட்டு யூரோ, ஒரு காப்பி டப்பாவில்.
கடை வாசலில் சண்டை.
மூழ்கிய நாள்தான் கணக்கு என்றான் ஒருவன்;
மூழ்கியதை யாரும் பார்க்கவில்லை.
எதிர்க்கரை சுவீடன்காரர் லென்னார்ட்,
நள்ளிரவை ஒட்டித்தான் மூழ்கியிருக்கும்,
எங்கள் கரையில் ஒரு மணி நேரம் பின்னால்,
ஆகவே எங்களுக்கு முந்தின நாள் என்றார்.
இரண்டு யூரோவைத் திருப்பிக் கொடு என்றது ஒரு குரல்.
என்னைப் பார்த்தார்கள்.
நான் பேரேட்டைப் பார்த்தேன்.
ஒன்றுக்குக் குறையாமல் கூடாமல்
அழகாகக் கூட்டி வைத்த என் அறுபத்தொன்று.

இரவு, அடிக்கோட்டுக்குக் கீழே
இன்னொரு வரி இழுத்தேன்.
"மற்றவை" என்று எழுதி, அடித்தேன்.
"உடையாதது" என்று எழுதினேன்;
அடுத்த வருடம் வேறெதுவோ நடக்கும் என்று
அதையும் அடித்தேன்.

காலையில் சைமி வந்தாள்.
அடித்தல்களுக்குப் பக்கத்து வெற்றிடத்தை
வெகுநேரம் பார்த்தாள்.
"இதற்கும் எடை போடவேண்டும், தெரியுமா?"
"எவ்வளவு?"

பதில் சொல்லவில்லை.
பையைத் துழாவி
அந்த வரியின்மேல் இருபது சென்ட்டை வைத்துவிட்டு
கடையைத் திறக்கப் போனாள்.